பாடாலூரில் நீல தேவதாரு

கேள்வி: வீட்டு முன்வாசலில் தனி மரமாக நீல தேவதாரு வைக்க ஆசை. வருமா?
– ஒரு வாசகர், பாடாலூர்

பதில்: அவர் அட்லஸ் மலைக்காரர், மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் பனியில் வளர்ந்தவர். ஊசியிலை மேல் படியும் மெழுகுதான் அந்த நீலம். நம் அக்னி நட்சத்திரத்தில் தாக்குப்பிடிக்க மாட்டார், வேண்டாம்.

ஊசியிலை மரம்தான் பார்க்கவேண்டுமா? உங்கள் மாவட்டத்திலேயே சாத்தனூருக்கு வண்டியை விடுங்கள். கல்லாகிப்போன அடிமரம், 18 மீட்டர் நீளம், வயது சுமார் 12 கோடி ஆண்டு! 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அவசியம் பாருங்கள்.

நீலம்தான் வேண்டுமென்றால் காயா நடுங்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் பூக்கும்போது குச்சியெல்லாம் கருநீலமாய் மொய்த்துக்கொள்ளும். வெயிலுக்கு அஞ்சாத நம்மூர் மரம். முதல் சில கோடைக்கு மட்டும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.