சுவெட்டர்ப் பிரமாணம்: கியா பார்மின் செப்டம்பர் நடுவாரத்து வானிலை குறித்து ஓர் ஆராய்ச்சி

மேனாட்டார் இலையுதிர்காலத்தின் தொடக்கம் என்று வழங்கும் செப்டம்பர் நடுவாரத்தில் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்மில் வெயில் எப்படி, மழை எப்படி என்று ஆராயப் புகுமுன், அவ்வூரில் இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டா என்னும் ஆட்சேபத்தை முதலில் தீர்த்துவிடுவது சாஸ்திர முறை. மலாயாத் தமிழன் அறிந்த இலையுதிர்வு, கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் தை மாசியில் மரங்கள் மொட்டையாக நிற்க, பாலும் கூலியும் ஒருங்கே குறையும் அந்த ஒன்றுதான். தேயிலைக்கோ உதிரும் பாக்கியமே விதிக்கப்படவில்லை. அந்த வயது வருவதற்குள் கொழுந்திலேயே கிள்ளிவிடுகிறார்கள். இனித் தொல்காப்பியரைக் கேட்போமென்றால், அவர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய காலமாக விதித்தார். கூதிர் பிறப்பதோ ஐப்பசியில். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். கார் முல்லைக்கு உரியது. ஆகவே, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், பிரிஞ்சாங்குக்கும் திரிங்காப்புக்கும் இடையே, முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியுமாகக் கிடக்கும் இந்தக் குறிஞ்சி நிலம், மேற்படி வாரத்தில் திணைமயக்கம் அடைந்திருக்கிறது என்று கொள்வதே இலக்கணத்துக்கு ஒத்தது.

ஒரு பொருளை அறியக் காட்சி, கருதல், உரை என்று மூன்று பிரமாணங்களை நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் காட்சியைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. நண்பகலுக்குப் பிறகு அது எதிர்க் கடையைத் தாண்டுவதில்லை. உதாரணமாக, பூமத்திய ரேகைக்கு நாலரைப் பாகை வடக்கே உள்ள இவ்வூரில் செப்டம்பர் 11-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பகல் ஒரு மணி கடந்த சிறிது நேரத்தில் நட்ட கம்பத்துக்கு நிழலே இல்லாது போகும் என்பது வானநூற் கணக்கு. அந்த அற்புதத்தைக் காணவேண்டி நானும் மிளகாய்ப் பாத்தியில் ஒரு கம்பை நட்டுக் காத்திருந்தேன். நிழல் இல்லைதான், மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பன்னிரண்டரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும் ஊரில் ஆண்டில் பாதி நாள் நிழலில்லா நாளே. போதாக்குறைக்கு, 2015-இலும் 2019-இலும் இதே மாதத்தில் தீபகற்பத்தை மூடிய சுமத்திராக் காட்டுத்தீயின் புகையை நினைத்தால், கண்முன் நிற்கும் வெண்மை பனியா புகையா என்பதை மூக்கிடம் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

அடுத்தது உரை, அதாவது ஏழு நாளைக்குக் காலை, பிற்பகல், இரவு என்று கூறுபடுத்திக் கைப்பேசியில் வரும் வானிலை அறிக்கை. அதில் அந்த வாரம் ஏழு முறை வந்த சூத்திரம் ஒன்று உண்டு: ‘பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.’ பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் இருந்திருந்தால் இந்த ‘ஓரிரு இடங்களில்’ என்னும் தொடருக்கு மட்டுமே தனித்தனி உரை செய்து ஒருவரையொருவர் மறுத்திருப்பார்கள். ‘ஓரிரு’ என்பது தொகையா, ஐயமா? ‘இடம்’ என்பது மாவட்டத்தின் இடமா, மலைச்சரிவின் இடமா, அன்றி நான் துணி உலர்த்தியிருக்கும் கொடியை மட்டும் குறித்த ஆகுபெயரா? அறிக்கை எழுதியோரைக் குறைகூறுவது என் கருத்தன்று. அச்சூத்திரம் ஒருநாளும் பொய்த்ததில்லை என்பதோடு, அதற்குப் பௌதிக நியாயமும் உண்டு. காலை வெயிலில் சூடேறிய பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து சரிவேறிக் குளிர்ந்து மேகமாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்து, வடகிழக்குக் காற்று இன்னும் வந்து சேராத அந்த இடைக்காலத்தில், அதட்டிக் கேட்கப் பெருங்காற்று எதுவும் இல்லாமையால், ஒவ்வொரு சரிவும் தன் மேகத்தைத் தானே சமைத்துத் தன் தலையிலேயே கொட்டிக்கொள்கிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவில் கொழுந்து நனையும்போது கியா பார்ம் சந்தையில் கத்தரி வெயிலில் வாடும்.

கருதல் அளவைக்கு வாகன வரிசையே ஏது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை வீதம் காற்று குளிர்வதால், ஈப்போவில் 33 பாகை கொளுத்தும் நேரத்தில் இங்கே ஏறக்குறையப் பத்துப் பாகை குறைவாக இருக்கும். இந்தப் பத்துப் பாகையை வாங்கிப்போகத்தான் செப்டம்பர் 16, மலேசிய தின விடுமுறையன்று கீழ்நாடு முழுவதும் புறப்பட்டு வருகிறது. சந்தை முன் கார்கள் நகராமல் நின்றால் கீழே கடும் வெயில் என்று துணியலாம். ஆனால் இந்த அனுமானம் ஈப்போவின் வானிலையைச் சொல்கிறதேயன்றிக் கியா பார்மின் வானிலையைச் சொல்வதில்லை என்னும் குற்றம் இதற்கு உண்டு.

இம்மூன்றும் கைவிட்ட நிலையில் நான் கண்டடைந்த நான்காம் பிரமாணமே சுவெட்டர். சந்தை ஓரத்தில் அவித்த சோளம் விற்கும் அக்கா ஒருவர் அணியும் பச்சைக் கம்பளிச் சுவெட்டரில் நான்கு பொத்தான்களுக்கு இடம் உண்டு. மூன்றாவது பொத்தான் எப்போதோ உதிர்ந்து (இவ்வூரில் உதிர்வது இது ஒன்றே) அங்கே ஓர் ஊக்கு குத்தப்பட்டிருக்கிறது. காலை ஏழுக்கு நான்கும் பூட்டியிருக்கும். ஒன்பதுக்கு மேற்பொத்தான் கழலும். சோளச் சட்டியின் ஆவியும் வெயிலும் சேர்ந்து பதினொன்றுக்கு ஊக்கையும் கழற்றவைத்தால், அதுவே ‘வெப்பமான வாரம்’ என்பதன் இலக்கணம். இந்நாட்டின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையாக இம்மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 பாகையை இக்கருவி தாங்கியிருக்குமா என்று வினவினேன்.

“அப்போ ஏது தம்பி சுவெட்டரு? சாக்குதான் போத்திக்குவோம்.”

மழை வருமா என்று கேட்டால் மட்டும் அவரிடமிருந்து நேரான விடை வராது. “வர்றப்போ வரும்லா. சோளம் ஒன்னா, ரெண்டா?” என்பார். விடை வாயில் இல்லை, பொத்தானில் இருக்கிறது என்று எண்ணி ஆறு நாள் குறிப்பெடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

ஏழாம் நாள் பகல் ஒன்றரைக்கு, எந்நாளும் காணாத வகையில், சுவெட்டர் முழுவதுமாகக் கழன்று கடையின் உள் ஆணியில் தொங்கிற்று. வெப்பத்தின் உச்சம் இதுவே என்று நிச்சயித்து, குடையை அவரிடமே ஒப்படைத்துவிட்டுத் தேயிலைச் சரிவை நோக்கி நடந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் குறிப்பேடு கூழாகி, நான் நடுங்கிக்கொண்டு திரும்பியபோது, அக்கா நனைந்த கையால் தார்ப்பாயின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். சுவெட்டரை ஏன் கழற்றினீர்கள் என்று பல் கிட்டக் கேட்டேன்.

“மழ வரப்போவுதுல்ல, தார்ப்பாயை இழுத்துக் கட்டணும். அது நனைஞ்சா காயறதுக்கு ரெண்டு நாளாவும் தம்பி.”

அன்று சோளம் இரண்டாக வாங்கினேன்.