சும்மா வந்த விண்டோஸும் காசு கொடுத்த லினக்ஸும்

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கிய எல்லோருக்கும் தெரியும், விண்டோஸ் இலவசம் என்று. மைக்ரோசாஃப்டுக்கு மட்டும்தான் தெரியாது.

செலரான் பிராசஸர், 64 எம்பி ராம், 4 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்று பார்த்துப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிய பெட்டியைக் கடைப்பையன் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "98 போட்டுட்டேன் சார். ஆபீஸ், போட்டோஷாப், என்சைக்ளோபீடியா எல்லாம் உள்ள இருக்கு. கேம்ஸ் ஒரு பத்து போட்டிருக்கேன், பசங்களுக்கு." எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. பில்லில் ஸ்க்ரூ வரைக்கும் விலை இருந்தது, மென்பொருள் என்று ஒரு வரிகூட இல்லை.

லினக்ஸ் அப்படி வரவில்லை. சிடியோடு வந்த பத்திரிகையை விலை கொடுத்து வாங்கினேன். உலகத்தில் வேறு எங்கேயாவது 'விண்டோஸுக்குக் காசு, லினக்ஸுக்குக் காசில்லை' என்று சொல்லி ஆள் பிடித்திருக்கலாம். ரிச்சி தெருவில் அந்தப் பேச்சு எடுபடாது. காசு கொடுத்து வாங்க வேண்டியது சும்மா வந்தது, சும்மா கிடைக்க வேண்டியதற்குக் காசு போனது. ஆகவே, எங்கள் தலைமுறையில் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டவர்கள் சிக்கனத்துக்காகப் போட்டவர்கள் இல்லை. மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கம் வராதவர்கள். வீட்டில் எங்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன.

'எந்த லினக்ஸ் போடலாம்?' என்று இன்று யாராவது கேட்டால் மூன்று மணி நேரம் பேச ஆள் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. எந்த சிடி கையில் கிடைத்ததோ அதுதான் உங்கள் லினக்ஸ். பிசி க்வெஸ்ட் பத்திரிகை ரெட் ஹேட்டை ஒட்டி ஒரு லினக்ஸ் சிடி கொடுத்தது. அதனால் நாங்கள் ரெட் ஹேட் ஆட்கள் ஆனோம். கொள்கை, கோட்பாடு ஒன்றுமில்லை.

இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஒரு சிடி 650 எம்பி. வீட்டில் இருந்தது 56 கேபிபிஎஸ் மோடம், அதுவும் பெட்டியின் மேல் அச்சடித்த வேகம்தான். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு சிடி இறங்க ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. தொலைபேசிக்குத் துடிப்புக் கணக்கில் காசு ஓடும். இடையில் அம்மா பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்து "ஹலோ" என்பாள். அந்த 'ஹலோ'வோடு எல்லாம் போகும்.

போடுவதும் லேசில்லை. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கூறு போட வேண்டும். பிறகு லிலோ. கணினியை எழுப்பி லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் அந்தச் சின்ன நிரலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன் பெயரையே எழுத்து எழுத்தாகத் திரையில் போடும், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஓர் எழுத்து. நான்கும் வந்தால் நல்லது. 'எல் ஐ' என்று இரண்டெழுத்தோடு நின்றுவிட்டால் அடுத்த கட்டத்துக்குக் கடக்க முடியவில்லை என்று பொருள். கறுப்புத் திரையில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அடிவயிற்றுக் கலக்கம். விண்டோஸும் போயிருக்கும், லினக்ஸும் வந்திருக்காது, அப்பா காலையில் டாலியில் கணக்குப் போட வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

அது தாண்டினால் எக்ஸ். படம் தெரியும் திரை வேண்டுமென்றால் மானிட்டரின் கிடைமட்ட ஒத்திசைவு எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்துப் புதுப்பிப்பு எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்கும். தவறாகக் கொடுத்தால் மானிட்டர் பழுதாகலாம் என்று எச்சரிக்கையும் கொடுக்கும். இருபது கிலோ கண்ணாடிக் குடத்தைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தோம். எண்கள் சரியாக இருந்தால் பொடிப்பொடியாய்ப் புள்ளி வைத்த சாம்பல் திரையும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் வரும். வேறொன்றும் வராது. ஆனாலும் தெருவுக்குப் போய் யாரிடமாவது சொல்லத் தோன்றும்.

மோடம் கதை தனி. கடையில் மலிவாகத் தலையில் கட்டியது வின்மோடம் என்ற வகை. மோடம் செய்ய வேண்டிய கணக்கில் பெரும்பகுதியை அது செய்யாது, விண்டோஸ் டிரைவர் மூலமாக பிராசஸரின் தலையில் இறக்கிவிடும். லினக்ஸுக்கு அந்த டிரைவர் கிடையாது. ஆக, லினக்ஸில் இணையம் வேண்டுமென்றால் விண்டோஸுக்குப் போய், இணையத்தில் ஏறி, வழி தேடி, தாளில் எழுதிக்கொண்டு, திரும்ப லினக்ஸுக்கு வந்து செய்து பார்த்து, வேலை செய்யாமல், மறுபடி விண்டோஸுக்குப் போக வேண்டும். கடைசியில் சீரியல் கேபிளோடு வெளியே வைக்கும் மோடத்தை இன்னும் கூடுதல் விலைக்கு வாங்குவதுதான் தீர்வு. லினக்ஸுக்காகச் செலவழித்த பணத்தில் விண்டோஸை நேர்மையாகவே வாங்கியிருக்கலாம் என்று அண்ணன் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னான். நேர்மையைப் பற்றி அவன் பேசியது அந்த ஒரு தடவைதான்.

சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் கூடும். அங்கேதான் டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் ஆட்களைப் பார்த்தேன். எங்களை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். ரெட் ஹேட்டில் ஓர் ஆர்பிஎம் பொதி போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும், அதைத் தேடிக் கொடுத்தால் அது வேறு இரண்டைக் கேட்கும், அதில் ஒன்று முதலில் போட்டதன் புதிய பதிப்பை வேண்டும் என்று நிற்கும். டெபியனில் ஏபிடி வந்துவிட்டது, ஒரே கட்டளையில் வேண்டியதை எல்லாம் அதுவே சேர்த்துக்கொள்ளும். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அந்த டெபியனுக்கு ஒரே குறை, நேரத்துக்கு வராது. 2002 ஜூலையில் 3.0 வந்தது, அடுத்த 3.1க்கு 2005 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயரை வைப்பார்கள். எப்போதும் கலைந்து கிடக்கும் நிலையற்ற பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன் பெயர் அது. எங்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

தமிழா? மொழி ஒன்று, குறியாக்கம் நூறு. டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் தமிழ்நெட் மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு முடிவு சொன்னது, லினக்ஸில் அதைக் கொண்டுவர ஆர்வலர்கள் இராப்பகலாய் உழைத்தார்கள். நண்பர் அனுப்பிய தமிழ் மின்னஞ்சல் எனக்குக் கட்டம் கட்டமாகவோ பிரெஞ்சு மாதிரியோதான் தெரிந்தது. பதில் ஆங்கிலத்தில் எழுதுவோம், தமிழ்க் கணிமையின் எதிர்காலம் பற்றி.

பிறகு 2004இல் உபுண்டு வந்தது. கேட்டால் சிடியைத் தபாலில் அனுப்பினார்கள். தபால் செலவுகூட அவர்களுடையது. வெளிநாட்டுக் கவரைப் பார்த்துத் தபால்காரர் எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டதாகத் தெருவில் சொல்லிவிட்டார். சிடியைப் போட்டால் ஒலி வந்தது, படம் வந்தது, எதையும் திருகாமலே. 2011இல் தபால் சேவையை நிறுத்தும் வரை தெரிந்தவர் வீட்டிலெல்லாம் அந்த சிடி கிடந்தது, பாதி வீட்டில் ஜன்னலில் காக்கா ஓட்ட. அந்த ஆண்டுதான் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டமும் தொடங்கியது. அப்படி வந்த ஒரு லேப்டாப்பில், சென்னை சி-டாக் நிறுவனத்தில் டெபியனை வைத்துச் செய்த பாஸ் லினக்ஸைப் பார்த்தேன். மடிக்கணினி வாங்கிய பிள்ளை அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். அவன் அப்பாவின் பழைய லேப்டாப், இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், விசைப்பலகையில் ஒரு சாவி மட்டும் ஆடும். மற்றபடி குதிரை மாதிரி ஓடுவது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்கிறது. ஒரு தலைமுறையில் தவறிவிட்டது. நம் ஊர் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வயது வரம்பு ஒரு மாதத்தில் தவறிப்போன பையன்களைப் போல.

"மாமா, லினக்ஸ் போட்டுக்கறேன். எது போடலாம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை, அவனிடம் ஏற்கெனவே பதில் இருந்தது.

"ஆர்ச் போடலாம்னு இருக்கேன்."

"ஏன்டா?"

"அதான் மாமா கெத்து."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுடைய விடுதியில் ஒருவன் நிக்ஸ்ஓஎஸ் வைத்திருக்கிறானாம், மொத்தக் கணினியையும் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது. இன்னொருவனிடம் இருப்பது விசைப்பலகையைத் தவிர வேறெதையும் தொடாமல் சாளரங்களை ஓடுபோல் அடுக்கும் திரை. சாளரத்துக்கு எத்தனை பிக்சல் இடைவெளி விடுவது என்று இரவு இரண்டு மணி வரை பார்க்கிறார்கள். நாங்கள் ஒரு மோடம் பேச வேண்டும் என்பதற்காகக் கண்விழித்தோம். இவர்களுடைய கணினியில் எல்லாமே பேசுகிறது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிள்ளைகள், கோளாறு இல்லாத இடத்தில் கோளாறைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அந்த ஆர்ச்சும் இப்போது முன்போல் இல்லை, கேள்வி கேட்டுக் கேட்டுப் போட்டுத் தரும் நிரல் ஒன்று அதன் சிடியிலேயே வருகிறது. ஆர்ச்சை அடிப்படையாக வைத்துத்தான் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியே ஓடுகிறது. சின்னக் குழந்தைகள் தெரியாமலே ஆர்ச் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. கெத்து எங்கே மிச்சம்?

இன்னொரு பக்கம் ஃபெடோரா சில்வர்ப்ளூ போன்றவை. அடிப்படைக் கோப்புகளை நீங்கள் தொடவே முடியாது. மேம்படுத்தினால் மொத்தமாக மாறும், பிடிக்கவில்லையென்றால் மொத்தமாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அருமையான ஏற்பாடு. மூடியைத் திறந்து பார்க்கத் துடித்தவர்கள் முப்பது வருஷம் உழைத்து, கடைசியில் மூடியை வெல்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் உறுப்பினராகி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட வழி செய்து, 2018இல் கிட்ஹப்பையும் வாங்கிவிட்டார்கள். எங்கள் பழைய கோஷங்களை யாரிடம் போய்ப் போடுவது என்று தெரியவில்லை.

பையனுக்கு டெபியன் 13 போட்டோம். 2025 ஆகஸ்டில் வந்தது. முன்பெல்லாம் டெபியன் கொள்கைப் பிடிவாதத்தில் மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேரைத் தன் சிடியில் வைக்காது, வைஃபை சிப்புக்குத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2022இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பென் டிரைவைச் சொருகினோம், வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. டீ ஆறுவதற்குள் முடிந்தது. தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தான், 'அம்மா' என்று அடித்தான், அப்படியே வந்தது. அவன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். நான் மட்டும் கொஞ்ச நேரம் அந்த 'அம்மா'வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவும் ஒன்றுமில்லை, கட்டம் எதுவும் இல்லை.

டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி கிடையாது. பழைய பெட்டிகளின் புகலிடம் என்று நாங்கள் ஊரெல்லாம் சொன்ன லினக்ஸில் என் செலரானுக்கே இடமில்லை. அது பரணில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

சரி, எது போடலாம்? கணினியில் கை வைத்துப் பார்க்கும் ஆசை உண்டு, ஆனால் திங்கட்கிழமை காலை வேலையும் நடக்க வேண்டும் என்றால் டெபியன். ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இடையில் அது உங்களைத் தொந்தரவு செய்யாது. விண்டோஸ் பழகிய வீட்டாருக்கும் சேர்த்து என்றால் லினக்ஸ் மின்ட். இந்த வருஷம் வாங்கிய புத்தம்புது லேப்டாப் என்றால் ஃபெடோரா. அதன் கர்னல் புதிது, ஆனால் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதம்தான். ஆர்ச் வேண்டுமென்றால் தாராளமாக, இரண்டாவது கணினியில். தமிழில் படித்துக்கொண்டே செய்ய கணியம் தளம் 2012 முதல் கட்டுரைகளும் நூல்களும் இலவசமாகத் தருகிறது.

உங்கள் வீட்டிலும் விண்டோஸ் 11 கைவிட்ட லேப்டாப் ஒன்று இருக்கும். எடைக்குப் போடாதீர்கள். முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்: வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா. நான்கும் சரியென்றால் போட்டுவிடுங்கள். ஒன்று சரியில்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.