வட்டில்ல கையை விடாதே, மருமவனே!

வா மருமவனே, இப்படி உக்காரு. நீ ஆசையா வாங்கின ராஜபாளையம் நாய், நீ சோத்து வட்டில்கிட்ட போனா உன்னையே பார்த்துப் பல்லைக் காட்டுதாமே? சாதாரண நாயா அது? 2005ல தபால் தலையில படம் போட்ட சாதி. நம்ம குடும்பத்துல யாரு படம் தபால் தலையில வந்திருக்கு? அப்பேர்ப்பட்டது உன்னை மதிக்கலைன்னா அதைக் குத்தம் சொல்ல முடியுமா?

சரி, நீ என்ன செஞ்சே? அது திங்கையில வட்டிலுக்குள்ள கையை விட்டுக் கிளறினே. பாதியில வட்டிலைத் தூக்கி, உக்காரு, கையைக் கொடுன்னு வித்தை காட்டச் சொல்லிட்டு மறுபடி வச்சே. கேட்டா, "நான்தான் தலைவன்னு அதுக்குத் தெரியணும் மாமா"ங்கே. செல்போன்ல எவனோ சொன்னானாக்கும். வீட்டுல உன் தலைமையை ஒத்துக்கிட ஒரு ஆளு இல்லைன்னு நாய்கிட்ட போயிப் பதவி கேக்கே!

என் பேத்தி ராமையன்பட்டி கால்நடை காலேஜ்ல படிக்கா. அவ சொல்லுதா, டேவிட் மெக்னு அமெரிக்காவுல ஒரு ஓநாய் ஆராய்ச்சிக்காரராம். 1970ல அவர் எழுதின புத்தகத்தாலதான் ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன்ங்கிற இந்தப் பேச்சு ரொம்பப் பரவிச்சாம். பிறகு காட்டுக்குள்ள வருசக்கணக்கா பார்த்தா, ஓநாய்க் கூட்டம்ங்கிறது அப்பன், ஆத்தா, பிள்ளைகுட்டின்னு ஒரு குடும்பந்தானாம். 1999ல அவரே அதை எழுதி வச்சாரு. பழைய புத்தகத்தை இனி அச்சடிக்காதீங்கன்னு பதிப்பாளர்கிட்ட பல தடவை கேட்டுக்கிட்டாராம். பெத்தவரே வேண்டாம்னு விட்ட பிள்ளையை நீ இடுப்புல வச்சுக்கிட்டு அலையுதே.

போன கோயில் கொடையில கறிச்சோறு போட்டது ஞாபகம் இருக்கா? நல்லி எலும்பைக் கடைசியில கடிக்கலாம்னு இலை ஓரமா ஒதுக்கி வச்சிருந்தே. நீ தின்னு முடிச்சாச்சுன்னு நெனைச்சுப் பந்தியில ஒருத்தன் இலையைத் தொட்டான். நீ போட்ட சத்தத்துல, களைச்சுப்போய்ப் படுத்துக்கிடந்த சாமியாடி எந்திரிச்சு மறுபடி ஆட ஆரம்பிச்சுட்டாரு. அப்ப உனக்கு என்ன, திமிரா? எலும்பு போயிருமோங்கிற பயம். நாய்க்கும் அதே பயந்தான். அது கணக்குல நீ தலைவன் இல்ல, வட்டிலைத் தூக்குத களவாணி.

உறுமுதுன்னு அடிக்கவேற செஞ்சியாமே? அடிச்சா உறுமல்தான் நிக்கும், பயம் நிக்காது. அடுத்த தடவை சொல்லாம கொள்ளாம கடிக்கும். உறுமினதுக்கு அதுக்கு நீ நன்றி சொல்லணும். உறுமலுக்கு முன்னாலயும் அது எத்தனையோ சொல்லியிருக்கும். நீ கிட்டப் போனதும் அவுக் அவுக்னு முழுங்கும். இல்லாட்டி திங்கதை நிறுத்தி அப்படியே விறைச்சு நிக்கும். தலையைத் தூக்காம, கண்ணுல வெள்ளை தெரிய ஓரமாப் பாக்கும். நீ எங்க அதையெல்லாம் பார்த்தே, படம் பிடிக்கத்தானே போனே!

இனிமே இப்படிச் செய். கொஞ்சமா கோழி ஈரலை அவிச்சுப் பொடிப்பொடியா நறுக்கிக்கோ. உப்பு, மசால், வெங்காயம் எதுவும் வேண்டாம். வெங்காயம் நாய் ரத்தத்தையே கெடுத்திரும். வட்டில்ல வழக்கமான சோறு இருக்கட்டும். எவ்வளவு தூரத்துல நீ நின்னா அது விறைக்காம திங்குதோ, அங்கேயே நில்லு. பத்தடின்னா பத்தடி, தெருமுனைன்னா தெருமுனை, வெக்கப்படாதே. அங்கேருந்து ஒரு ஈரல் துண்டை வட்டில் பக்கமா வீசிட்டுத் திரும்பி நடந்துரு. அந்தத் திரும்பி நடக்கிறதுதான் மருந்தே. நின்னு அழகு பார்த்தே, எல்லாம் போச்சு. நாள் போகப்போக, உன்னைக் கண்டதும் அது உடம்பு இளகி, வாலை ஆட்டி, ஈரல் எங்கேன்னு தலையைத் தூக்கும். அதுக்கப்புறம் ஒரு அடி முன்னால போ. விறைச்சா ரெண்டடி பின்னால வா. வாயில செருப்பைக் கவ்விக்கிட்டு நின்னாலும் பிடுங்காதே. அதைவிட ருசியானதைக் காட்டி மாத்திக்கோ.

குட்டியிலயே இதைப் பார்த்திருக்கணும். ஆறேழு குட்டிக்கு ஒரே தட்டுல பாலை ஊத்தி, முட்டி மோதுததை வேடிக்கை பாக்கோம். முந்தினவனுக்குத்தான் வயிறுன்னு நாமளே பாடம் நடத்திட்டு, வளர்ந்தபிறகு ஏன் உறுமுதுன்னு கேக்கோம். குட்டிக்கு ஒரு கிண்ணமா வச்சா என்ன, சொத்தா குறைஞ்சுபோவும்?

உன் வீட்டுல ஒரு பிள்ளை தவழுது. அதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். நாய்க்குச் சோறு வச்சா கதவைச் சாத்து. தின்னு முடிச்சு வட்டிலை எடுத்தபிறகு திற. இத்தனை நாள் சும்மா கிடந்த நாய் திடீர்னு உறுமினா பல்லு வலியோ வேற வலியோ இருக்கும், கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. கடிக்கவே ஆரம்பிச்சுட்டா இந்த ஈரல் வைத்தியத்தை நீயா பண்ணாதே, அவரைக் கேட்டுத்தான் செய்யணும். பல்லு பட்டுச்சுன்னா சோப்புப் போட்டு ஓடுத தண்ணியில 15 நிமிஷம் கழுவு. சுண்ணாம்பு, மிளகாப்பொடின்னு எதையும் அப்பாம நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசிக்குக் காசு கிடையாது. வீட்டு நாய்தானேன்னு ஒரு ஊசியோட நிறுத்தாம எல்லாத்தையும் போட்டு முடி.

எந்திரிச்சுட்டியா? ஈரல் வாங்கையில எனக்கும் கால் கிலோ சேர்த்து வாங்கு. அத்தைகிட்ட மூச்சு விடாதே. டாக்டர் எனக்கு ஆகாதுன்னு சொன்னது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.