கையேட்டு மாஸ்டர்

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் திரண்ட சனக்கூட்டத்தின் நடுவே, காவடியை இறக்கிவைத்த களை இன்னும் மாறாத ஒரு பையனை மறித்து, கக்கத்திலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கையேட்டை உருவி, “தம்பி, ஏ.எல்.லுக்கு என்ன பாடம் எடுக்கிறாய்? லோயராகிற யோசினை இருக்கோ?” என்று ஒருவர் விசாரணை தொடங்குவாராயின், அவர்தாம் நமது மாஸ்டர்.

கையேடு மண்ணிறத் தாளால் உறையிடப்பட்டது. எந்த வருஷத்தது என்பது அவ்வுறையினுள் மறைந்திருக்கும் பரம ரகசியம். பஸ் ரிக்கற், கலியாணக் கடிதத்தின் மூலை, திருநீற்றுப் பொட்டலம் முதலியன அதில் பக்க அடையாளங்களாய் விளங்கும். செத்தவீட்டில் பிரேதம் எடுக்குமுன்னும், கலியாணவீட்டில் தாலி ஏறுமுன்னும், கிளிநொச்சி பஸ்ஸில் கொண்டக்ரர் மிச்சக்காசு தருமுன்னும், விரலை எச்சிலில் தோய்த்து அதைப் பிரித்துவிடுவார். அரசியல் விஞ்ஞானம், அளவையியல், இந்து நாகரிகம் என்னும் திரிவேணி சங்கமத்தில் ஸ்நானம் செய்யாதவன் கறுப்புக் கோட்டுக்கு அருகனல்லன் என்பது அவருடைய சித்தாந்தம். உயிரியலோ, கணிதமோ, வர்த்தகமோ, எப்பிரிவில் படித்தவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமென்று அதே கையேடு கூறுவதை ஒருமுறை நான் சுட்டிக்காட்டியபோது, “அது விதி, நான் சொல்லுறது அனுபவம்” என்றார். அவ்வனுபவமோ முப்பது வருஷம் சமூகக்கல்வி படிப்பித்ததால் வந்தது! நான்கு பாடம் மூன்றாகி, 2001 முதல் இசற் புள்ளியால் தெரிவு நடந்துவரும் இக்காலத்திலும், “நானூறுக்கு எத்தனை எடுப்பாய்?” என்றே கேட்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கணக்கில் கெட்டிக்காரியான என் தமக்கையின் மகள், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்க, மாஸ்டரின் உபதேசத்தால் கலைப்பிரிவிற் சேர்ந்தாள். அளவையியலும் பிடிக்கவில்லை, சட்டமும் கிடைக்கவில்லை. கொழும்பின் மேன்முறையீட்டு மன்றில் வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கின்றனவே, இப்பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியென்று அவர் ஒருநாளாவது கேட்டதில்லை. பிள்ளைக்கு எதில் விருப்பமென்று கேட்டதும் இல்லை.

இவ்வளவு கோபத்தோடு ஒருநாள் அவர் படலையைத் திறந்தேன். திண்ணையில் வேறொரு கட்டுத் தாள்களை விரித்துவைத்திருந்தார். 2009 மே மாதத்தில் காணாமற்போன தம்பி மகனுக்காக வவுனியா மேல் நீதிமன்றில் போட்ட ஆட்கொணர்வு மனுவின் பிரதிகள். தவணை தவணையாய்ப் போய், லோயர்மார் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு, வாசலில் நின்றுவிட்டு வருவாராம். “எங்கட பிள்ளையளிலை ஒண்டு அங்கை நிண்டிருந்தால், என்ன நடக்குதெண்டாவது சொல்லியிருக்குமே” என்றார். கொண்டுபோன சண்டையைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஆகையால் வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: வவுனியாப் புத்தகக்கடை எதிலேனும் இவ்வருஷக் கையேட்டைக் கண்டால், ஒரு பிரதி வாங்கி அவரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். காசை நான் தருகிறேன்.