நெஞ்சு நுழைந்தால் நாய் நுழையும்

கேள்வி (சின்னசேலம் வாசகர்): பழைய இசைத்தட்டில் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறதே, அது எந்த ஜாதி நாய்?

பதில்: மைக் செட்டுக்காரர் பெட்டியைத் திறந்ததும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் முதலில் பார்த்த முகம் அதுதான்! பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் காலை 'நறுக்'கென்று கவ்வும்; பெயர் வந்ததே அதனால்தான். 1895-ல் இறந்தது. அதன் பிறகுதான் ஓவியர் பிரான்சிஸ் பாரோ அதை வரைந்தார். எஜமான் குரலைக் கேட்கும் நாய் என்று உலகமே அதை அறிந்தது. கலப்பு நாய்தான், ஆனால் டெரியர் ரத்தம் என்று உட்கார்ந்திருக்கும் கட்டே சொல்லும். ஜாக் ரஸல் என்று சொல்வாரும் உண்டு.

கேள்வி (சங்கராபுரம் வாசகர்): ஜாக் ரஸல் குட்டி வாங்கப் போகிறேன். உடம்பில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நெஞ்சை. குட்டியை அளந்து பயனில்லை, தாயை அளந்து பாருங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. வரை இருக்கலாம்.

ஏன் நெஞ்சு? இந்த நாயின் வேலை நரி வளைக்குள் போவது. 'டெரியர்' என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குறுகலான இடத்தில் காலை மடக்கிக்கொள்ளலாம், நெஞ்சை மடக்க முடியுமா? நெஞ்சு நுழைந்தால் நாய் நுழையும். ஜான் ரஸல் என்ற பாதிரியார் 1819-ல் ஒரு பால்காரரிடம் 'டிரம்ப்' என்ற பெண் நாயை வாங்கினார். இந்த இனத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

மற்ற அளவுகள்: உயரம் 25 முதல் 30 செ.மீ.; ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் ஒரு கிலோ எடை. உயரத்தைவிட உடம்பு சற்று நீளம். வெள்ளைதான் பிரதானம், அதில் கறுப்போ பழுப்போ திட்டுத் திட்டாக இருக்கும். நெஞ்சு அகன்ற குட்டையன் பார்க்க அழகாக இருக்கலாம். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (வெள்ளிமலை வாசகர்): நம் சிப்பிப்பாறைக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீளக் கால்? கல்வராயன் மலையில் முயல் பிடிக்க எது தோது?

பதில்: சிப்பிப்பாறை கரிசல் வெட்டவெளியில் ஓடுகிற முயலைத் துரத்திப் பழகிய நாய். ஓடுவதைப் பிடிக்க நீளக் கால், ஒளிந்ததை வெளியே கொண்டுவர ஒடுங்கிய நெஞ்சு. இரண்டாவது கேள்விக்கு: எதுவும் தோது இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. முயலை விட்டுவிடுங்கள்.

கேள்வி (கச்சிராயபாளையம் வாசகர்): கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை தாங்கவில்லை. டெரியர் உதவுமா?

பதில்: எலியைக் கண்டால் சும்மா இருக்காது. கவ்வி ஒரே உதறு, அவ்வளவுதான். ஆனால் வயல் எலியின் வளைக்குள் அதன் மூக்குதான் போகும்; மண்வெட்டி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். எனக்குப் பயம் வேறு. எலி இருந்த வளையில் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ குடியிருக்கும். பொந்தைக் கண்டால் தலையை விடுவது டெரியரின் பிறவிக் குணம். கயிற்றை விட்டுவிடாதீர்கள். எலி மருந்து வைத்த தோட்டமென்றால் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து.

கேள்வி (தியாகதுருகம் வாசகி): அக்கா வீட்டில் யார்க்‌ஷயர் டெரியர் இருக்கிறது. பட்டு முடியும் ரிப்பனுமாகப் பொம்மை மாதிரி இருக்கிறது. இதுவும் டெரியர்தானா?

பதில்: சந்தேகமே வேண்டாம், தாயே! எடை 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் இது நெசவாலைத் தொழிலாளர்கள் எலி பிடிக்க வளர்த்த வம்சம்.

'ஸ்மோக்கி' என்றொரு யார்க்‌ஷயர், எடை இரண்டு கிலோகூட இல்லை. 1944-ல் நியூ கினியில் ஒரு பதுங்கு குழியில் கிடைத்தது. பிறகு பிலிப்பைன்ஸில் விமான ஓடுபாதைக்கு அடியே தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. எட்டு அங்குலக் குழாய், எழுபது அடி நீளம், இணைப்புகளில் மண் வேறு சரிந்து கிடந்தது. கழுத்துப் பட்டையில் கம்பியைக் கட்டிவிட்டு, மறுமுனையில் நின்று எஜமானர் கூப்பிட்டார். அந்தக் குரலை நோக்கி இருட்டில் ஊர்ந்தே போய்ச் சேர்ந்துவிட்டது. ரிப்பனைப் பார்த்து எடை போடாதீர்கள்!

அக்காவிடம் சொல்லுங்கள்: சித்திரை பிறக்கும் முன் அந்த முடியைக் குட்டையாகக் கத்தரித்துவிடட்டும். வெளியே கூட்டிப் போவது விடியற்காலையில் இருக்கட்டும். நம்மூர்த் தார் ரோடு பத்து மணிக்கே பாதத்தைச் சுடும்.