முகத்துக்கு முன் கையைப் பாருங்கள்

கே: பெண்ணொருத்தி அமர்ந்திருக்கும் எண்ணெய் ஓவியத்தில் முதலில் எதைப் பார்ப்பது? (வாசகி, சாய்ந்தமருது)

ப: கைகளை. ஓவியர் முன் அமர்பவர் முகத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வருவார். நேரம் போகப் போக உள்ளதைக் கை காட்டிவிடும். பிறகு கண்கள். அம்ரிதா ஷெர்கில் 1935இல் தீட்டிய 'மூன்று பெண்கள்' ஓவியத்தில் மூவரும் நெருங்கி இருக்கிறார்கள். ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. அந்தத் தனிமைதான் ஓவியம்.

கே: நாங்கள் தறிக்காரர். ஓவியம் எங்களுக்கு விளங்குமா? (வாசகர், மருதமுனை)

ப: பாதி ஏற்கெனவே விளங்கியிருக்கிறது. மோனா லிசாவின் கணவர் புளோரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி. ஆனால் படத்தில் மோனா லிசாவின் கையில் மோதிரம் இல்லை, கழுத்தில் மாலை இல்லை. இருப்பது சட்டைக் கையின் மடிப்பும் தலையில் மெல்லிய முக்காடும்தான். துணி எப்படி விழும் என்று அறிந்த கண்ணுக்கு அங்கே விருந்து இருக்கிறது.

கே: நீர்வர்ணத்தில் இல்லாத எது எண்ணெய் வர்ணத்தில் இருக்கிறது? (மாணவி, நிந்தவூர்)

ப: பொறுமை. நீர் ஆவியாகி உடனே காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல இறுகும். அந்த இடைவெளியில்தான் கன்னத்து வெளிச்சத்தைக் கோடு தெரியாமல் நிழலோடு கலக்க முடிகிறது. 1503 அளவில் தொடங்கிய மோனா லிசாவை லியனார்டோ ஆண்டுக்கணக்கில் தீட்டினார். அதை அரை நிமிடத்தில் கடந்துபோவது அநியாயம்.

கே: உருவப்படங்களை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. இந்த ரசனை எங்களுக்கு எதற்கு? (வாசகர், அக்கரைப்பற்று)

ப: சுவரில் எது இருக்கலாம் என்பது உங்கள் மார்க்கப் பற்றின் முடிவு, அதை மதிக்கிறேன். மாட்டத்தான் ஆணி வேண்டும். ரசிக்கக் கண் போதும். ஒரு மனிதரைப் பொறுமையாகப் பார்க்கப் பழகுவது எந்த வீட்டுக்கும் நல்லது.

கே: அச்சுப் படம் அல்லாமல் அசலை எங்கே பார்க்கலாம்? (ஆசிரியை, கல்முனை)

ப: கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிறுவனத்தில். '43 குழு' என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது; அவர் உருவ ஓவியத்தில் தேர்ந்தவர். வெளிச்சம் பட்டுப் படம் பளபளத்தால் ஓரமாக நின்று பாருங்கள். தூரிகைத் தடம் தெரியும்.

கே: மகள் சித்திரப் பாடத்துக்கு யாரைப் பார்த்து வரையட்டும்? (உம்மா ஒருவர், சம்மாந்துறை)

ப: உங்களை. வேலை முடிந்து நீங்கள் அமரும் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள். கையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.