தொப்பைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஒரே குடும்பங்களை வருஷக்கணக்கில் துரத்தித் துரத்தி ஆய்வு செய்கிறார்களே, ஒருமுறை கேட்டால் போதாதா?

பதில்: பத்து வருஷம் கழித்து, "கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றால் அம்மாக்களுக்கு மாங்காய் மட்டும்தான் ஞாபகம் வரும்! அதனால்தான் சிங்கப்பூரின் 'கஸ்டோ' தாய்சேய் ஆய்வு 2009-இலேயே தொடங்கி, லிட்டில் இந்தியாவை ஒட்டிய கே.கே. மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1,200 பேரைப் பிடித்துக்கொண்டது. வீடு தேடிப் போய்க் குழந்தைகளை அளந்தார்கள். மீசை அரும்பும் வயதிலும் விடவில்லை. பிறந்த சில நாளிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்ததில், சீனக் குழந்தைகளைவிட நம் இந்தியப் பிள்ளைகளுக்கு வயிற்றுத் தோலடியில் ஆழமான கொழுப்பு கூடுதலாம். ஆகவே தேக்கா பிரியாணிமீது மட்டும் பழி போடாதீர்கள். இரண்டாவது தட்டுக்கு மட்டும் நீங்களே ஜவாப்தாரி.